ஏழாம் பக்கத்துத் திருடர்கள்

திருவள்ளூர் மாவட்டம் கவரப்பேட்டை அருகே 2022 செப்டம்பரில் ஒரு டாஸ்மாக் கடையின் சுவரில் இரவோடு இரவாக ஓட்டை விழுந்தது. போட்டவர்கள் இரண்டு பேர். கல்லாவில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்த வழியே போயிருந்தால் அது இன்னொரு சாதாரணத் திருட்டுச் செய்தி. ஆனால் உள்ளே சுற்றிலும் சரக்கு. இருவரும் அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரோந்து வந்த போலீசாருக்குச் சத்தம் கேட்டது. கூப்பிட்டதும், தாங்கள் போட்ட அதே ஓட்டை வழியாக ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள். அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது.

இந்த மாதிரிச் செய்தி வந்து சேரும் இடம் நாளிதழின் மாவட்டச் செய்திப் பிரிவு. அங்கே பல வருடம் இரவுப் பணி பார்த்த துணையாசிரியர் ஒருவர் மதுரைப் பக்கம் இருக்கிறார். விபத்து, கொலை, தற்கொலை, பொய்யான முதலீட்டுத் திட்டத்தில் வாழ்நாள் சேமிப்பை விட்டவர்கள் என்று அவர் கையால் திருத்தி அனுப்பியதெல்லாம் பெரும்பாலும் துயரம்தான். நடுவே எப்போதாவது ஒரு முட்டாள் திருடன் வருவான். அன்றைக்கு மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் முகம் மலரும். டீ சொல்வார்கள். லேஅவுட் பார்ப்பவர், கேட்காமலே ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம் ஒதுக்கி வைப்பார்.

கட்டம் கட்டிப் போடும் பெட்டிச் செய்தியை எழுதுவது சுலபம் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். கொலைச் செய்தியை ஒரு மாதிரிச் சட்டகத்தில் எழுதிவிடலாம். சிரிப்புச் செய்தி விவரத்தில்தான் நிற்கும் என்பது அவர் அனுபவம். எட்டு மணிக்கு மேல் தாலுகா நிருபர்களின் போன் வரிசையாக வரும். ஒருநாள் வந்த போன் இது.

"அண்ணே, ஒரு திருட்டு. வழக்கமானதுதான். பீரோவை உடைச்சு மூணு பவுன், கொஞ்சம் ரொக்கம்."

"ஆள் கிடைச்சாச்சா?"

"மத்தியானமே பிடிச்சுட்டாங்கண்ணே. அவன் போனை அங்கயே விட்டுட்டுப் போயிட்டான்."

"கீழ விழுந்துருச்சா?"

"இல்லண்ணே. சார்ஜ் போட்டிருக்கான்."

துணையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு சார்ஜர்ல?"

"வீட்டுக்காரங்க சார்ஜர்தான். ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல."

"எத்தனை பர்சென்ட் ஏறியிருந்துச்சு?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "அதை இன்ஸ்பெக்டர்ட்ட எப்படிண்ணே கேக்கறது?"

"கேளு தம்பி. காலையில படிக்கிறவன் கேப்பான்."

நிருபர் கேட்டார். இன்ஸ்பெக்டரும் கோபப்படாமல், சிரித்துக்கொண்டே சொன்னாராம்: நூறு. அந்த ஒற்றை எண்தான் செய்தியைத் தூக்கி நிறுத்தியது. மற்றபடி அந்தச் செய்தியில் 'பலே கில்லாடி', 'விநோதத் திருடன்' என்று எதுவும் கிடையாது. ஊர், தெரு, நேரம், சார்ஜர் யாருடையது, எத்தனை சதவீதம். அவ்வளவுதான். அடைமொழியைத் தூக்கிவிட்டால் வாசகர் தானாகவே சிரிப்பார் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

அந்தச் செய்தியில் இன்னொரு விவரமும் இருந்தது. காலையில் வீட்டுக்காரர் கதவைத் திறந்தபோது அந்தப் போன் அடித்திருக்கிறது. எடுத்தால், "எங்கடா இருக்க, சாப்பிட வரலையா?" என்று ஒரு அம்மாவின் குரல். நிருபர் அதைத்தான் முதல் வரியாக எழுதி அனுப்பியிருந்தார். துணையாசிரியர் அதை அடித்துவிட்டார். நிருபருக்கு வருத்தம், இருப்பதிலேயே நல்ல வரி அதுதானே என்றார். நல்ல வரிதான். ஆனால் அந்த அம்மா எந்தக் குற்றமும் செய்யவில்லை. மறுநாள் அவர் ரேஷன் கடை வரிசையில் போய் நிற்க வேண்டும். திருடச் சென்ற இடத்தில் சார்ஜ் போட்ட மகனைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும். சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருந்தவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். இந்தக் கட்டுரையைப் பொறுத்தவரை, அவருடைய தொழில் முழுக்க அந்த ஒரு வெட்டில் இருக்கிறது.

செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே இடம்தான். இரவுப் பணி முடிந்து பதிப்பு போனதும் பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள டீக்கடை. சி.பா.ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கி, பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கும் நடையில் செய்தி எழுத வைத்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் நாளிதழ் என்பது ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கும் பொருளாகவே வளர்ந்தது. ஒரு தாளை நான்காகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வார்கள். ஏழாம் பக்கம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு வாசகர்.

டாஸ்மாக் ஓட்டைச் செய்தி வந்த காலையில் அந்த பெஞ்சில் சூடான விவாதம். "வெவரங்கெட்ட பயலுக. ரெண்டு பாட்டிலை மடியில கட்டிக்கிட்டு வெளிய வந்து குடிச்சிருக்கலாம்ல?" என்றார் ஒரு லோடுமேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சைடிஷ் இல்லாம எப்படிய்யா உள்ள உக்காந்தானுக?" என்பது அவர் கவலை. இன்னொருவர் கொத்தனார். அவருக்குச் சுவர்தான் விஷயம். ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுகிறது என்றால் கலவை எந்த லட்சணத்தில் இருந்திருக்கும், அந்தக் கட்டடத்தை யார் கட்டியது என்று கேட்டார். துணையாசிரியருக்கு மூன்று பேரையும் பிடித்தது. ஒவ்வொருவரும் தன் தொழில் தெரிந்த கோணத்தில் திருட்டைப் பரிசோதிக்கிறார்கள். முட்டாள் திருட்டுச் செய்திக்கு டீக்கடையில் கிடைக்கும் எதிர்வினையில் பாதி ஆலோசனைதான்: 'நானாயிருந்தா இப்படிச் செஞ்சிருப்பேன்.' திருடவே போகாத ஆட்கள் திருட்டுக்குச் சொல்லும் திருத்தங்கள் அவை.

ஓட்டையில் மாட்டியவர்கள் தனி ரகம். நாமக்கல் மாவட்டம் அணியாபுரத்தில் 2021 ஆகஸ்டில் ஒரு ஏ.டி.எம். மையத்துக்குள் நுழைந்த இளைஞர், இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டார். தலையும் தோளும் மட்டும் வெளியே தெரிய, போலீசார் வந்து வெளியே இழுத்தார்கள். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் 2022 ஏப்ரலில் ஜாமி எல்லம்மா கோயிலுக்குள் சிறிய துளை வழியாகப் புகுந்து அம்மன் நகைகளை எடுத்தவர், திரும்பும்போது அதே துளையில் இடுப்போடு மாட்டினார். கடைசியில் அவரே உதவிக்குக் கூச்சல் போட்டார். இந்த இரண்டாவது செய்திக்கு டீக்கடையில் விளக்கமே தேவைப்படவில்லை. "அம்மா பிடிச்சு வச்சுட்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். யாரும் அதை மறுக்கவில்லை.

தூங்கியவர்களும் உண்டு. கிழக்கு கோதாவரி மாவட்டம் கோகவரத்தில் 2020 செப்டம்பரில் பெட்ரோல் பங்க் உரிமையாளர் ஒருவரின் வீட்டுக்குள் விடியற்காலையில் நுழைந்தவர், படுக்கையறையில் ஏ.சி. காற்று பட்டதும் கண்ணயர்ந்துவிட்டார். வீட்டுக்காரரை எழுப்பியது திருட வந்தவரின் குறட்டை. 2024 ஜூனில் லக்னோ இந்திரா நகரிலும் அதே கதை. டாக்டர் வீட்டில் திருடப் போனவர் ஏ.சி.க்குக் கீழே தலையணை வைத்துப் படுத்துத் தூங்க, போலீசார் வந்து எழுப்பினார்கள். வட இந்தியாவில் வெயில் கொளுத்திய கோடை அது. படத்தைப் பார்த்த டீக்கடைக்காரர், அடுப்புப் பக்கம் நின்று வேர்த்துக்கொண்டே, "பாவம், நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சோ" என்று மட்டும் சொன்னார்.

சமைத்தவர் கதை இன்னும் விசேஷம். 2022 ஜனவரியில் குவாஹாத்தியில் ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்தவருக்குப் பசி. அடுப்பைப் பற்ற வைத்துக் கிச்சடி போட்டார். சத்தமும் வாசனையும் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிட்டது. அசாம் போலீசாரே தங்கள் சமூக வலைதளக் கணக்கில் அதை நகைச்சுவையாகப் போட்டார்கள்: திருடப் போன இடத்தில் கிச்சடி சமைப்பது உடம்புக்கு ஆகாது, இப்போது அவருக்கு நாங்களே சூடாகச் சாப்பாடு போடுகிறோம் என்ற பொருளில். ஒரு காவல் துறை இந்தத் தொனியில் பேசுவதைத் துணையாசிரியர் மனதார வரவேற்றார். சிரித்தார்கள், ஆனால் ஆளை அவமானப்படுத்தவில்லை. செய்திக்கு வேண்டிய சரியான சூடு அது என்பார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தன் திட்டத்தில் இருக்கும் ஓட்டை தனக்கே தெரியாமல் போவது எப்படி என்ற கேள்வி டீக்கடையோடு நின்றுவிடவில்லை. 1995-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒருவர் பட்டப்பகலில் முகமூடி இல்லாமல் இரண்டு வங்கிகளில் கொள்ளையடித்தார். கேமரா பதிவு இரவுச் செய்தியில் ஒளிபரப்பானதும் ஒரு மணி நேரத்துக்குள் பிடிபட்டார். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முகத்தில் எலுமிச்சைச் சாறு பூசியிருந்தேனே என்றார். எலுமிச்சைச் சாற்றால் எழுதினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் முகமும் கேமராவுக்குத் தெரியாது என்பது அவர் கணக்கு. டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறது. ஒரு வேலையில் திறமை இல்லாதவருக்கு, அந்தத் திறமை தனக்கு இல்லை என்று கண்டுபிடிக்கும் திறமையும் இருக்காது என்பதைச் சோதனைகள் வழியாகக் காட்டிய கட்டுரை அது. எலுமிச்சைச் சாறு என்ற விவரம் விட்டுப்போகாமல் செய்தியில் வந்ததால்தான் உளவியலுக்கு அந்த உதாரணம் கிடைத்தது. துணையாசிரியர் புதிய நிருபர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்.

நம் பக்கத்து எலுமிச்சைச் சாறு கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் கிடைத்தது. 2018-ல் அங்கே ஒரு செல்போன் கடைக்குள் புகுந்தவர், கேமராவில் முகம் தெரியாமலிருக்கத் தலையில் பாலித்தீன் பையை மாட்டியிருந்தார். பை நிறமில்லாதது. அத்தனையும் பளிச்சென்று தெரிந்தது.

கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகும் திருடர்கள் விஷயத்தில்தான் அவர் அதிக நேரம் யோசிப்பார். மத்தியப் பிரதேசம் தேவாஸில் 2021 அக்டோபரில் துணை கலெக்டர் ஒருவரின் பூட்டிய வீட்டில் திருட்டு. எதிர்பார்த்த அளவு பணம் இல்லாத கோபத்தில், பணம் இல்லையென்றால் எதற்குப் பூட்டு போட்டீர்கள் கலெக்டரே என்று அவர் வீட்டுத் தாளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். இதைப் படித்து வயிறு குலுங்கச் சிரிக்கலாம். அதிகாரியிடம் கேள்வி கேட்கும் துணிச்சல் எல்லா ஊர் பெஞ்சுக்கும் பிடிக்கும். மதுரை டீக்கடையில் அதை மூன்று முறை திருப்பிப் படிக்கச் சொன்னார்கள்.

2020 அக்டோபரில் உசிலம்பட்டியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கம்ப்யூட்டர், டிவி, கொஞ்சம் பணம் திருடு போனது. அங்கேயும் ஒரு கடிதம். மன்னிக்கவும், பசி, உங்களுக்கு இது ஒருநாள் வருமானம், எனக்கு மூன்று மாத வருமானம் என்பது அதன் சாரம். கொரோனா ஊரடங்கில் வேலை போன வருடம் அது. 2024 ஜூலையில் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி சென்னையில் உள்ள மகனைப் பார்க்கப் போயிருந்தபோது வீட்டில் 60,000 ரூபாயும் ஒன்றரைப் பவுன் நகையும் வெள்ளிக் கொலுசும் போயின. வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை, ஒரு மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று எழுதி வைத்திருந்தார் திருடியவர்.

இந்த இரண்டு செய்திகளையும் 'மன்னிப்புக் கேட்ட மகாத்மா' மாதிரி தலைப்பு கொடுத்துச் சிரிப்புக் கட்டத்துக்குள் தள்ளிவிட எந்த மேஜையிலும் ஆசை வரும். கடிதத்தில் இருப்பது உண்மையா, சாமர்த்தியமா என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. உண்மையாக இருந்துவிட்டால்? கேலி ஒரு நோயாளியின் கட்டில்வரை போய்விடும். பறிகொடுத்த ஆசிரியர் தம்பதிக்கும் அந்தக் காலையில் சிரிப்பு வந்திருக்காது. நேர்த் தலைப்பு, நேர்ச் செய்தி, கடிதம் அப்படியே என்பதுதான் இதற்கு அவர் வைத்திருந்த வழக்கம். உசிலம்பட்டிச் செய்தியை டீக்கடையில் படித்தபோது யாரும் ஜோக் அடிக்கவில்லை. "ஒருநாள் வருமானம்னு எழுதிருக்கான் பாரு" என்று ஒருவர் சொல்ல, பேச்சு வட்டி, வாடகை என்று வேறு பக்கம் போனது. நல்ல எதிர்வினை என்று அவர் சொல்வது இதைத்தான்.

சிரிப்புக்கு எல்லை எங்கே என்பதில் அவர் கறாராகவே இருந்தார். மூன்று இடத்தில் அவர் கத்தரிக்கோல் நிச்சயமாக வேலை செய்யும்.

ஒன்று, 'பொதுமக்கள் தர்ம அடி கொடுத்தனர்' என்ற வரி. பல வருடமாகத் தமிழ் நாளிதழ்களில் அது ரசிக்கத் தகுந்த விவரமாகவே அச்சாகி வந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில் அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் கட்டிவைத்து அடித்தார்கள், பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார்கள், அவர் இறந்துபோனார். 2023-ல் அந்த வழக்கில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஒருவரை அடிப்பது அங்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளும் வேடிக்கையாகிவிட்டது. இனி யாராவது அடித்திருந்தால், அடித்ததையும் தனிக் குற்றமாக, எத்தனை பேர், என்ன காயம் என்று விசாரித்து எழுது என்று அவர் நிருபர்களிடம் சொன்னார்.

இரண்டு, மாவுக்கட்டு. போலீஸ் பிடியில் இருந்தவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாகச் செய்தி வரும். கட்டுப் போட்ட கையோடு படமும் வரும். அதற்குக் கிடைக்கிற கைதட்டல் கொஞ்சநஞ்சமல்ல. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் காவலில் அடிக்கப்பட்டு இறந்த பிறகும் இந்தப் படத்துக்குச் சிரிப்பது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. அந்தப் படங்களை அவர் தன் பக்கத்தில் விடுவதில்லை.

மூன்று, ஊர். அணியாபுரத்தில் மாட்டியவர் பீகாரைச் சேர்ந்தவர். செய்தியின் உள்ளே அந்த விவரம் இருக்கலாம், தலைப்புக்கு வரக் கூடாது என்பார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறினார்கள். அதை நேரில் பார்த்தவருக்கு ஒரு தலைப்பின் எடை தெரியும்.

பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் விவாதமே கிடையாது. எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் பெயர், படம், பள்ளி எதுவும் போடக் கூடாது என்று 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. தெருப் பெயரைக்கூட அவர் எடுத்துவிடுவார். சின்ன ஊரில் தெருவைச் சொன்னாலே பையனைச் சொன்ன மாதிரி.

முட்டாள்தனத்துக்குச் சட்டத்தில் சலுகை உண்டா என்று டீக்கடையில் அடிக்கடி கேட்பார்கள். ஒன்றும் கிடைக்கவில்லையே, பிறகு எதற்கு வழக்கு என்பது அவர்கள் வாதம். 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை எழுதியவர்களே இதை யோசித்திருக்கிறார்கள். குற்ற முயற்சியைப் பற்றிய 511-வது பிரிவில் இரண்டு உதாரணங்கள் இருந்தன. நகை திருடலாம் என்று பெட்டியை உடைத்தவர், உள்ளே நகையே இல்லை என்று பார்க்கிறார். பிக்பாக்கெட் அடிக்கப் போனவர், எதிராளியின் பையில் கைவிட்டால் பை காலி. இரண்டு பேரும் குற்றவாளிகளே. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 62-வது பிரிவாக இதே ஏற்பாடு தொடர்கிறது. துணையாசிரியர் இதை பெஞ்சில் சொன்ன அன்று, காலிப் பைக்குள் கைவிட்டவனுக்காகப் பெரியவர் ஒருவர் உண்மையாகவே இரக்கப்பட்டார். "அவனுக்குப் பை காலி, இவனுக்கு ஜெயிலு. ரெண்டு பேருக்கும் கைல ஒண்ணுமில்ல" என்றார்.

இந்தச் செய்திகளில் அவருக்குத் தீராத குறை ஒன்று உண்டு. தொடர்ச்சி வராது. பிடிபட்ட அன்று கட்டம் கட்டிப் போடுகிறோம். ஜாமீன் கிடைத்ததா, வழக்கு என்ன ஆனது, பொருள் உரியவருக்குத் திரும்பியதா என்று எழுத யாரும் திரும்பிப் போவதில்லை. மீட்ட நகை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிடும் என்று வாசகர் நினைக்கிறார். அது கோர்ட்டுக்குப் போகும். நகைக்காரர் மனு போட வேண்டும். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் அது 451-வது பிரிவு. வக்கீல்கள் இன்றும் '451 மனு' என்றுதான் பேச்சில் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 497. படம் எடுத்து, ரசீது காட்டி, பாண்டு எழுதிக் கொடுத்து, கேட்கும்போது கொண்டுவருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தாலிச் செயின் கழுத்துக்கு வரும். இதில் சிரிப்பதற்கு எதுவுமில்லை. அதனாலேயே இது செய்தியாவதில்லை.

அவர் இதற்காகச் செய்தி ஆசிரியரிடம் சண்டை பிடித்து இடம் வாங்கிய நாட்கள் உண்டு. போனைச் சார்ஜில் விட்டுப் போன வழக்கிலும் தாலுகா நிருபரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று பவுனும் அந்த வீட்டுக்காரர் கைக்கு வந்ததாக ஒருநாள் தகவல் வந்தது. நாலு வரி எழுதினார். அன்றைக்கு விளம்பரம் நிறைய. ஏழாம் பக்கத்தில் இடமில்லை. மறுநாள் பதினொன்றாம் பக்கத்தில் தங்கம் விலைக்குக் கீழே வந்தது.